ஆசிரியராக விழைந்தோரும் அவர் நாடிய கலாசாலைகளும்

கொழும்பு மாநகரின் வடபாகத்தில், செட்டியார் தெருவுக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே அமைந்தது ஜிந்துப்பிட்டி. போர்த்துக்கேயரின் ‘சாந்தோம்’ என்னும் பெயரும் சிங்களவரின் ‘பிட்டிய’ என்னும் சொல்லும் சேர்ந்து மருவியதே ஜிந்துப்பிட்டி என்பது சிலரின் கருத்து. தமிழ்க் கிறிஸ்தவரின் வழிபாட்டுக்காகப் பிரௌன்றிக் தேசாதிபதியின் காலத்திலே எழுந்த புனித தோமையார் ஆலயம் அங்கே இருக்கிறது. சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலும் அங்கேதான் இருக்கிறது. சிறிது தூரம் நடந்தால், 1757ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயத்தைக் காணலாம். மற்றொரு பக்கம் சென்றால், 1902ஆம் ஆண்டில் தோன்றிய விவேகானந்த சபையின் இல்லத்தை விவேகானந்த மேட்டிலே காணலாம். இத்துணைச் சிறிய நிலப்பரப்பிலே இத்தனை சமயங்களும் மொழிகளும் நெருங்கி வாழ்ந்தமையால், ஈழத்துத் தமிழரின் கல்வி வரலாற்றை நோக்குவதற்கு இது ஏற்றதோர் இடமாகும்.

அவ்வரலாற்றிலே ஒரு கூறு அதிகம் பேசப்படுவதில்லை. பள்ளிக்கூடங்களைத் தொடக்கியவர்களைப் பற்றிப் பேசுகிறோர் பலர். அப்பள்ளிக்கூடங்களிலே கற்பிக்க முன்வந்த இளைஞர் எங்கே கற்றார்கள், ஏன் அங்கே கற்றார்கள் என்று வினவுகிறோர் சிலரே. ஆசிரியத் தொழிலை விரும்பிய ஓர் இளைஞனுக்கு, எந்தக் கலாசாலையிற் சேர்வது என்ற கேள்வி வெறும் படிப்பைப் பற்றிய கேள்வியாக இருந்ததில்லை. எந்த மொழியிலே சிந்திப்பது, எந்தச் சமயத்தின் நிழலிலே நிற்பது, எந்த ஊரிலே வாழ்வது, எத்துணைச் சம்பளத்தோடு வாழ்வது என்னும் நான்கு கேள்விகளும் அந்த ஒரு கேள்வியினுள்ளே அடங்கியிருந்தன. ஒன்றைப் பெற விரும்பியவன் மற்றொன்றை விடவேண்டியிருந்தது. இரண்டரை நூற்றாண்டுக் காலம் நீடித்த இந்த இழுபறியே ஈழத்துத் தமிழாசிரியரின் வரலாறு எனலாம்.

முற்காலத்திலே ஆசிரியனாவதற்குக் கலாசாலை வேண்டப்படவில்லை. திண்ணைப் பள்ளியிலே முதிர்ந்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குப் பாடஞ் சொன்னான். ஆண்டுகள் செல்ல, அவனே தனியாக ஒரு திண்ணையிற் பள்ளி நடத்தினான். மணலிலே எழுதியும், ஏட்டிலே கீறியும், மனத்திலே இருத்தியும் கற்ற கல்வி அது. குருவின் வீடே அவனுக்குக் கலாசாலை. இம்முறையின் ஒரு கூறு கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரிலே ஆண் அநாதைகளின் விடுதியொன்றைப் பார்த்துவந்த அந்திரு பெல் என்னும் பாதிரியார், நம்மவர் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணாக்கர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு இணைத்து, 1797ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே அதைப்பற்றி நூலொன்று வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்று பெயர்பெற்ற அது, பின்னர் மிஷனரிமாரின் பள்ளிகள் வழியாகக் கீழைத்தேசங்களுக்கு மீண்டும் வந்து சேர்ந்தது.

ஆசிரியரை உருவாக்குவதற்கென ஒரு கலாசாலையை இந்நாட்டிலே முதலில் அமைத்தவர்கள் ஒல்லாந்தர். 1690ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து நல்லூரிலும், 1696ஆம் ஆண்டில் கொழும்பிலும் அவர்கள் ‘செமினரி’களை நிறுவினார்கள். உபதேசிகளையும் பள்ளி ஆசிரியரையும் பயிற்றுவது அவற்றின் நோக்கம். ஒல்லாந்தர் காலத்துப் பள்ளியாசிரியர் எழுத்தறிவிப்பவர் மாத்திரமல்லர். திருச்சபையிலே ஞானஸ்நானம் பெற்றோர், மணம் புரிந்தோர், இறந்தோர் ஆகியோரைப் பள்ளித் தோம்பிலே பதிந்து வைத்தவரும் அவரே. எனவே, ஆசிரியப் பதவி அரசாங்க உத்தியோகத்துக்கு ஒப்பான மதிப்பை ஊரிலே பெற்றிருந்தது. ஆயின் அம்மதிப்பைப் பெறுவதற்குச் சீர்திருத்தச் சபையின் ஞானஸ்நானம் வாயிலாக நின்றது.

அந்தக் கொழும்புச் செமினரியிலே கற்றவர்களுள் தமிழர் நினைவிற்கொள்ள வேண்டியவர் பிலிப்பு தெ மெல்லோ. 1723ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த அவர், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளிலே வல்லவரானார். அவ்வளவோடு நின்றிருப்பின் அவரைத் தமிழுலகம் மறந்திருக்கும். தமிழிலக்கண இலக்கியங்களையும் முயன்று கற்று, புதிய ஏற்பாட்டை மூலமொழியிலிருந்து தமிழிற் பெயர்த்தார். அது 1759ஆம் ஆண்டு கொழும்பிலே அச்சேறியது. 1790ஆம் ஆண்டு அவர் காலமானார். கலாசாலை கொடுத்த கல்வியோடு, தம் மொழியின் கல்வியையும் தம் முயற்சியாற் சேர்த்துக்கொண்ட ஒருவரை இங்கே காண்கிறோம். பின்வந்த காலங்களிலும் இதே செய்தி மீண்டும் மீண்டும் காணப்படும்.

1796ஆம் ஆண்டிலே கொழும்பு ஆங்கிலேயர் கைப்பட்டபோது ஒல்லாந்தரின் கல்வியமைப்புக் குலைந்தது. 1799ஆம் ஆண்டில் வந்த கோடினர் பாதிரியார் பள்ளிகளைப் புதுப்பிக்க முயன்றாராயினும், ஆசிரியருக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை அரசாங்கம் நிலையாக ஏற்கவில்லை. அவ்விடத்தை நிரப்ப வந்தவை மிஷன்கள். 1814ஆம் ஆண்டில் வெஸ்லியன் மிஷனும், 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனும், 1818ஆம் ஆண்டில் சேர்ச்சு மிஷனும் இலங்கைக்கு வந்தன. இவற்றுள் அமெரிக்கருக்குக் கொழும்பிலே இடமளிக்க ஆங்கில அரசாங்கம் விரும்பவில்லை. 1812ஆம் ஆண்டில் இரு தேசங்களுக்குமிடையே மூண்ட போரின் கசப்பு இன்னும் ஆறாதிருந்தது. எனவே அவர்கள் தலைநகருக்குச் சேய்மையான யாழ்ப்பாணத்துக்கே அனுப்பப்பட்டார்கள். அரசியற் காரணத்தால் நேர்ந்த இச்சிறு முடிவு, தமிழர் கல்வியின் நிலையத்தைக் கொழும்பிலிருந்து வடக்கே பெயர்த்துவிட்டது.

1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிலே அமெரிக்கர் செமினரி ஒன்றை நிறுவினர். தானியேல் பூவர் அதன் முதல் அதிபர். ஆங்கிலம், தமிழ், கணிதம், வானசாஸ்திரம், தருக்கம் எனப் பல துறைகளும் அங்கே கற்பிக்கப்பட்டன. அரசாங்கச் செயலாளராக இருந்த எமர்சன் தெனந்து அக்கலாசாலையை நேரிற் பார்த்து, ஐரோப்பாவின் பல சர்வகலாசாலைகளோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்க விரும்பிய இளைஞனுக்கு அதனின் மேலானதோர் இடம் அக்காலத்திலே இந்நாட்டில் இருக்கவில்லை.

ஆயினும் ஜிந்துப்பிட்டியிலே வாழ்ந்த ஓர் இளைஞன் அங்கே செல்வதாயின், பாய்மரக் கப்பலை நம்பவேண்டும். அன்றேற் புத்தளம் வழியாகக் காடும் கடற்கரையுமாய் நடக்கவேண்டும். வடக்கு நோக்கிய இருப்புப்பாதை 1905ஆம் ஆண்டிலேதான் காங்கேசன்துறையை எட்டியது. கொழும்பிலே தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். தமிழாசிரியரை உருவாக்கிய கலாசாலையோ இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருந்தது.

அந்தக் கலாசாலையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1855ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்து மிஷன் வேலைகளைப் பரிசோதித்த உறுபஸ் அந்தர்சன் முதலியோர், ஆங்கிலங் கற்ற மாணாக்கர் உபதேசிகளாகவும் கிராம ஆசிரியராகவும் போகாமல், கச்சேரிகளுக்கும் வர்த்தகக் கந்தோர்களுக்கும் போய்விடுகின்றனர் என்று கண்டனர். குற்றச்சாட்டிலே உண்மை இல்லாமலில்லை. ஆங்கிலக் கல்வி ஆசிரியனை உருவாக்கியது. அதே ஆங்கிலக் கல்வி அவனைப் பள்ளியிலிருந்து கந்தோருக்கு அழைத்தும் சென்றது. கிளறிக்கு வேலையின் சம்பளத்தோடு போட்டியிட ஆசிரிய வேலையால் இயலவில்லை. அப்போட்டி அன்றோடு முடிந்துவிடவுமில்லை.

வட்டுக்கோட்டையிற் கற்றும் ஆசிரியத் தொழிலையே முதலில் ஏற்றவர்கள் சிலருளர். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களுள் ஒருவர். 1832ஆம் ஆண்டில் பிறந்த அவர், செமினரிப் படிப்பு முடிந்தபின் கோப்பாயிலே போதனாசக்தி வித்தியாசாலையிற் கற்பித்தார். 1857ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை முதன்முறையாக நடத்திய பி.ஏ. பரீட்சையிலே, அவரும் அவருடைய ஆசிரியராயிருந்த கறோல் விசுவநாதபிள்ளையும் தேறினார்கள். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சிற் பதிப்பித்த அப்பெருமகன், முதலிலே பயின்றது பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லும் தொழிலையே.

சமயம் என்னும் கேள்வி இதனினும் கூர்மையானது. மிஷன் கலாசாலையிற் பயிற்சி பெறவும், பெற்றபின் மிஷன் பாடசாலையில் இடம்பெறவும், பெரும்பாலும் கிறிஸ்தவனாதல் வேண்டியிருந்தது. ஆசிரியனாக விரும்பிய சைவ இளைஞன் ஒன்றில் தன் சமயத்தை மறைக்கவேண்டும். அல்லது தொழிலை மறக்கவேண்டும். இந்த முட்டுப்பாட்டை ஆறுமுகநாவலர் உள்ளிருந்தே அறிந்தவர். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, வேதாகம மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றவர் நாவலர். 1848ஆம் ஆண்டில் அவ்வேலையை விட்டு விலகி, அதே ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார். வீடுகள்தோறும் பிடியரிசி சேர்த்து அப்பள்ளி நடந்தது. பாடநூல் இல்லாத குறையைத் தீர்க்கப் பாலபாடங்களைத் தாமே எழுதினார். மிஷனிடமிருந்து கற்ற பள்ளி முறையைத் தம் சமயத்துக்கும் மொழிக்கும் உரியதாக மாற்றிக்கொண்டதே அவர் செய்த பெருஞ்செயல். எனினும், ஆசிரியருக்கு அரசாங்கம் ஏற்கும் தராதரப்பத்திரம் வழங்கும் கலாசாலை சைவருக்கு வாய்க்க இன்னும் எண்பது ஆண்டுகள் சென்றன.

1869ஆம் ஆண்டில் அரசாங்கம் பொதுப் போதனைப் பகுதியை அமைத்து, தனியார் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கும் முறையை விரிவாக்கியது. மாணாக்கரின் பரீட்சைப் பேற்றைக்கொண்டு நன்கொடை கணக்கிடப்பட்டமையால், பயிற்சிபெற்ற ஆசிரியருக்கு மதிப்பு உயர்ந்தது. 1870ஆம் ஆண்டில் கொழும்பிலே ‘நோர்மல்’ பள்ளி என்ற பெயரில் அரசாங்கமே ஆசிரியரைப் பயிற்றும் கலாசாலையைத் திறந்தது. 1880களிலே அது மூடப்பட்டு, பயிற்சிப் பொறுப்பு மீண்டும் மிஷன்களின் கையிலே விடப்பட்டது. திறப்பதும் மூடுவதுமாய் இருந்த அரசாங்கக் கதவை நம்பி எந்த இளைஞனும் தன் வாழ்க்கையைத் திட்டமிட இயலவில்லை.

1903ஆம் ஆண்டில் கொழும்பிலே அரசினர் ஆசிரிய பயிற்சிக் கலாசாலை தோன்றியது. பிற்காலத்தில் மகரகமைக்குப் பெயர்ந்த கலாசாலை அதுவே. அது ஆங்கிலப் பாடசாலைகளுக்கு ஆசிரியரைப் பயிற்றியது. சமயம் பற்றிய நிபந்தனை அங்கே இல்லை. சம்பளமும், சுயபாஷை ஆசிரியரின் சம்பளத்தைவிட உயர்ந்தது. எனவே நாட்டின் பல பாகங்களிலிருந்தும் திறமைமிக்க இளைஞர் அதனை நாடினர். ஆனால் அங்கே தமிழுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. தமிழிளைஞன் ஒருவன் இரண்டாண்டு பயின்று வெளிவரும்போது ஆங்கிலத்திற் கற்பிக்கும் கலையை அறிந்திருப்பான். தன் மொழியிலே ஒரு படியேனும் மேலே ஏறியிருக்கமாட்டான்.

1911ஆம் ஆண்டிலே காரைதீவைச் சேர்ந்த மயில்வாகனம் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் இக்கலாசாலையிலே சேர்ந்தார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலே கேம்பிறிட்ஜ் பரீட்சையில் தேறி, சில காலம் ஆசிரியராகவும் இருந்தவர் அவர். அவருடைய தெரிவு தெளிவானது. ஆங்கிலமும் தொழிற் பயிற்சியும் வேண்டிக் கொழும்புக்கு வந்தார். கலாசாலை தராததை அவர் நகரத்திலே தேடிக்கொண்டார். அக்காலத்திலே கொழும்பில் வாழ்ந்த தென்கோவை கந்தையாபிள்ளை, கைலாசபிள்ளை ஆகிய புலவர்களிடம் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். பகலிலே பயிற்சிக் கலாசாலை ஆங்கில முறையைக் கற்பித்தது. ஓய்வு நேரத்திலே புலவரின் இல்லம் பழைய குருகுலமாக விளங்கியது.

பயிற்சி முடிந்து மட்டக்களப்பிலே கற்பித்தபின், 1915ஆம் ஆண்டில் மீண்டும் கொழும்புக்கு வந்து, தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று 1916ஆம் ஆண்டில் தகுதிப்பத்திரம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். 1920ஆம் ஆண்டில் இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞானப் பட்டதாரியானார். துறவு பூண்டு விபுலானந்த அடிகளான பின்னரும் அவர் ஆசிரியராகவே இருந்தார். 1929ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைச் சர்வகலாசாலையிலும், 1943ஆம் ஆண்டில் இலங்கைச் சர்வகலாசாலையிலும் தமிழ்ப் பேராசிரியப் பதவியை முதலில் அணிசெய்தவர் அவரே. 1947ஆம் ஆண்டு வெளிவந்த யாழ் நூலிலே கணிதமும் பௌதிகமும் பழந்தமிழிசையும் ஒன்றுகூடி நிற்கின்றன. அக்கூட்டு எந்தக் கலாசாலையின் பாடத்திட்டத்திலும் இருந்ததன்று. கலாசாலைக்கு உள்ளும் புறமுமாய் அவர் தேடித் தொகுத்தது.

ஆனால் எல்லோரும் விபுலானந்தராதல் கூடாது. சாதாரணமான ஓர் இளைஞனுக்குத் தன் மொழியிலும், தன் சமயத்துக்கு ஊறின்றியும், ஊதியம் தரத்தக்க பயிற்சி வேண்டியிருந்தது. அதற்கான வழி 1920களிலே திறந்தது. 1923ஆம் ஆண்டில் கோப்பாயிலே அரசினர் ஆசிரிய கலாசாலை தமிழ்மொழியிலே பயிற்சியைத் தொடங்கியது. அதே ஆண்டில் இந்துபோர்ட் இராசரத்தினம் முதலியோர் சைவ வித்தியா விருத்திச் சங்கத்தை நிறுவினர். அச்சங்கத்தின் முயற்சியால் 1928ஆம் ஆண்டில் திருநெல்வேலியிலே சைவாசிரிய கலாசாலை எழுந்தது. 1929ஆம் ஆண்டு முதல் 1959ஆம் ஆண்டு வரை, முப்பது ஆண்டுகள் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அங்கே கற்பித்தார். கந்தபுராணத்தையும் கம்பனையும் அவரிடங் கேட்ட மாணாக்கர், ஊர்கள்தோறும் பரந்து அதே சுவையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். முன்னர் புலவரின் திண்ணையிலே தனியாகத் தேடவேண்டியிருந்த கல்வி, தராதரப்பத்திரத்தோடு ஒரே கூரையின்கீழ் கிடைத்தது இங்கேதான்.

இதற்கும் ஒரு விலை இருந்தது. சுயபாஷைக் கலாசாலையிலே பயின்றவரின் சம்பளம் ஆங்கில ஆசிரியரின் சம்பளத்துக்குக் குறைவு. பட்டினத்துக் கல்லூரிகளிலே அவருக்கு இரண்டாம் ஆசனமே கிடைத்தது. ‘தமிழ்ச் சட்டம்பியார்’ என்ற சொல்லிலே மரியாதையும் இரக்கமும் கலந்திருந்தன. எனவே ஜிந்துப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு முன்னே இரு பாதைகள் கிடந்தன. ஒன்று, வீட்டுக்கு அருகேயிருந்த ஆங்கிலக் கலாசாலையை நோக்கியது; மற்றது, புகைவண்டியேறி வடக்கே சென்று தமிழ்க் கலாசாலையை அடைவது. முதற்பாதை வாழ்வுக்கு வசதி தந்தது. இரண்டாவது மொழிக்கு வளம் தந்தது.

பெண்களுக்கோ தெரிவு மேலும் குறுகியிருந்தது. 1824ஆம் ஆண்டில் உடுவிலிலே அமெரிக்கர் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை, பல ஆசிரியைகளின் பிறப்பிடமாயிற்று. கொட்டாஞ்சேனையிலே 1869ஆம் ஆண்டு முதல் நல்லாயன் கன்னியர் மடம் கத்தோலிக்கப் பெண்களுக்குக் கல்வியளித்தது. சைவப் பெண்களுக்கென்று பெரியதொரு கல்லூரி, சேர் பொன்னம்பலம் இராமநாதனின் கொடையால் 1913ஆம் ஆண்டில் மருதனார்மடத்திலே எழுந்தது. வீட்டைவிட்டுப் பெண் ஒருத்தி விடுதியிலே தங்கிப் பயில்வதா என்று தயங்கிய பெற்றோருக்கு, ஆசிரியத் தொழிலே முதலில் துணிவைக் கொடுத்தது. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகிறாள் என்ற மதிப்பு, பல வாயில்களைத் திறந்துவைத்தது.

1945ஆம் ஆண்டிலே கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தாய்மொழியே தொடக்கக் கல்வியின் மொழியாயிற்று. அடுத்த ஆண்டுகளில் மேல்வகுப்புகளும் ஒவ்வொன்றாகத் தாய்மொழிக்கு மாறின. நேற்றுவரை இரண்டாம் ஆசனத்தில் இருந்த தமிழாசிரியர், கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தமிழிலே கற்பிக்க வேண்டியவரானார். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, சமயம் பற்றிய பழைய நிபந்தனையும் பெரிதும் வலியிழந்தது. தோட்டப் பகுதிப் பிள்ளைகளுக்கு அவர்களிடையேயிருந்தே ஆசிரியரைப் பயிற்றும் வாய்ப்பு மிகவும் தாமதித்து வந்தது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களிலேதான் பணியாற்றத் தொடங்கியது. 1985ஆம் ஆண்டளவிலே ஆரம்பிக்கப்பட்ட தேசிய கல்வியியற் கல்லூரி முறையில், உயர்தரப் பரீட்சைப் பேற்றைக்கொண்டு மாணாக்கர் தெரிவு செய்யப்பட்டனர். இரண்டாண்டு விடுதியிலே தங்கிப் பயில்வதும், ஓராண்டு பாடசாலையிலே பயிலுநராகப் பணிசெய்வதும் அதன் அமைப்பாயின.

இவ்வாறு நோக்கும்போது, ஒவ்வொரு காலத்துக் கலாசாலையும் ஆசிரியனுக்கு ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை அவனிடமே விட்டுவைத்தமை புலனாகும். ஒல்லாந்தர் செமினரி மொழியறிவைக் கொடுத்தது. தமிழைத் தெ மெல்லோ தாமே தேடினார். வட்டுக்கோட்டை இரு மொழிகளையும் கொடுத்தது. கந்தோரின் அழைப்பை மறுக்கும் உறுதியை மாணாக்கன் தானே தேடவேண்டியிருந்தது. கொழும்புப் பயிற்சிக் கலாசாலை கற்பிக்கும் முறையைக் கொடுத்தது. கற்பிக்கத்தக்க தமிழை விபுலானந்தர் புலவர் வீட்டு வாயிலிலே தேடினார். கோப்பாயும் திருநெல்வேலியும் தமிழையும் தொழிலையும் ஒருங்கே கொடுத்தன. உலக அறிவுக்கு வேண்டிய ஆங்கிலத்தை அங்கே பயின்றோர் பின்னர் முயன்று சேர்த்தனர்.

ஆசிரியத் தொழிலை விழையும் இளைஞர் கலாசாலையைத் தெரியும்போது அதன் பெயரையும் கட்டடத்தையும் சம்பளப் படியையும் விசாரிப்பது இயல்பே, விசாரிக்கவும் வேண்டும். அவற்றோடு, அக்கலாசாலை தனக்கு எதைத் தரமாட்டாது என்பதையும் விசாரிப்பவரே நல்லாசிரியராகும் வழியிலே முதலடி வைத்தவராவர். தெ மெல்லோவும் விபுலானந்தரும் பெற்ற சிறப்பு அவ்விசாரணையின் பயனேயன்றி வேறன்று.